இர்விங் பெர்லினும் நாலரைக் கட்டையும்

"இசைக்குறிப்புப் படிக்கத் தெரியாது, பியானோவில் கறுப்புக் கட்டைகளைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். அப்படிப்பட்ட அமெரிக்க இசையமைப்பாளர் இர்விங் பெர்லின் எப்படி அத்தனை பாட்டுகள் போட்டார்? வேறு யாரோ எழுதிக்கொடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதி முக்கால் உண்மை. இரண்டாவது பாதி நூறு வருடத்து வம்பு. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் முதலாவதிலிருந்துதான் இரண்டாவது முளைத்தது.

பியானோவிலிருந்தே தொடங்கலாம். பெர்லின் வாசித்தது எஃப் ஷார்ப் என்ற ஒரே சுருதியில். நம்மூர்ப் பாடகர் பேச்சில் சொன்னால் நாலரைக் கட்டை. ஆர்மோனியம் தொட்டவர்களுக்கு இது உடனே புரியும். நாலரைக் கட்டையை ஸட்ஜமமாக, அதாவது அடிப்படைச் சுரமாக, வைத்துக்கொண்டால் கறுப்புக் கட்டைகள் ஐந்தும் மோகன ராகம். விரல் எங்கே விழுந்தாலும் அபஸ்வரம் வராது. முறையாகப் படிக்காமல், மதுக்கடை பியானோவில் கடை மூடிய பிறகு தடவித் தடவிக் கற்றுக்கொள்ளும் பையனுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. கறுப்புக் கட்டைகள்தான் விரலுக்கு வாகாக இருக்கின்றன, வெள்ளைக் கட்டைகளில் வாசிக்கிற ஸி சுருதியெல்லாம் சங்கீதம் படித்தவர்களுக்கு என்று அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் பாடுகிறவர்கள் எல்லோரும் நாலரைக் கட்டையில் பாடமாட்டார்களே? அதற்குத்தான் அந்தப் புகழ்பெற்ற விசைப் பியானோ. கட்டைவரிசைக்குக் கீழே ஒரு நெம்புகோல் இருக்கும். அதை நகர்த்தினால், விரல் அதே இடத்தில் இருக்க, சத்தம் மட்டும் வேறு சுருதியில் கேட்கும். 'ஸ்கேல் சேஞ்சர்' ஆர்மோனியம் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் எதுவும் இல்லை. 1910 வாக்கில் 100 டாலருக்கு அப்படி ஒன்றை வாங்கினார். வாழ்நாள் முழுக்க அந்த ரகத்தைத்தான் பயன்படுத்தினார். தன் பியானோவுக்கு 'ப்யூக்' என்று கார் பெயர் வைத்திருந்தார். கியர் மாற்றுகிற மாதிரி சுருதி மாற்றலாம் அல்லவா? அவருடைய பியானோ ஒன்று இப்போது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

சரி, கறுப்புக் கட்டைகளை 'மட்டும்' வாசித்தாரா? இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அவருடைய மிகப் பிரபலமான பாடல் 'ஒயிட் கிறிஸ்மஸ்'. அதன் முதல் வரி எட்டு அசை, எட்டு சுரம். நம் கணக்கில் அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், மறுபடி அந்தர காந்தாரம், சாதாரண காந்தாரம், மீண்டும் அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம், பஞ்சமம். ஒரே வரியில் இரண்டு காந்தாரம், இரண்டு மத்யமம்! நாலரைக் கட்டையிலிருந்து இதை வாசித்தால் எட்டில் நான்கு சுரங்கள் வெள்ளைக் கட்டையில் விழுகின்றன. நான் என் பழைய ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தே எண்ணினேன். கறுப்பை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பாட்டின் முதல் வரியைக்கூட அவர் தாண்டியிருக்க முடியாது. நாலரைக் கட்டை அவருக்கு வீடு. வீட்டிலிருந்து வெளியே போகத் தெரியாதவர் அல்ல.

எழுதுவது எப்படி? அதற்கு ஆள் வைத்திருந்தார். இவர் பாடுவார் அல்லது வாசிப்பார், இசைச் செயலாளர் தாளில் குறித்துக்கொள்வார். கிளிஃப் ஹெஸ், ஆர்தர் ஜான்ஸ்டன், ஹெல்மி க்ரெஸா என்று பல பேர் பல காலகட்டங்களில் அந்த வேலையைப் பார்த்தார்கள். மெட்டுக்குக் கீழே போகிற ஒத்திசைவுச் சுரக்கட்டுகளையும் இவர்தான் தேர்ந்தெடுப்பார். செயலாளர் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட, வேண்டியது வந்ததும் "அதுதான்" என்று நிறுத்துவார். கையில் பேனா பிடிக்காதவர் எழுத்தாளர் இல்லை என்று சொன்னால், சொல்லச் சொல்ல எழுதவைத்த புலவர்கள் எல்லோரையும் நாம் இழந்துவிடுவோம்.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1888 மே 11 அன்று ரஷ்யப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. வீட்டில் வைத்த பெயர் இஸ்ரேல். தந்தை யூத வழிபாட்டில் பாடுகிற ஓதுவார் போன்றவர். ரஷ்யாவைப் பற்றி பெர்லினுக்கு இருந்தது ஒரே ஒரு நினைவு: சாலையோரம் கம்பளியில் படுத்தபடி தன் வீடு எரிவதைப் பார்த்தது. யூதர்கள்மேல் வன்முறை நடந்த காலம் அது. 1893 செப்டம்பரில் குடும்பம் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியது. லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், செர்ரி தெருவில் குடியிருந்தார்கள். ஓதுவாருக்குப் புது ஊரில் ஓதுகிற வேலை நிலையாகக் கிடைக்கவில்லை. இறைச்சிக் கடைகளில் மத விதிப்படி அறுத்ததுதானா என்று பார்க்கிற வேலையும், பிள்ளைகளுக்கு ஹீப்ரு சொல்லிக்கொடுப்பதும்தான். பையன் பத்திரிகை விற்றான்.

1901-இல் தந்தை இறந்தார். பையனுக்கு வயது பதின்மூன்று. அக்கா அண்ணன்மார் கொண்டுவருகிற காசில் தன் பங்குதான் மிகக் குறைவு என்பது அவனுக்கு உறுத்தியது. வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று வெளியேறினான். பவரி பகுதியில் மதுக்கடை மதுக்கடையாகப் போய்ப் பாடினான், தரையில் விழுந்த சில்லறையைப் பொறுக்கினான், மலிவு விடுதிகளில் தூங்கினான். கூட்டத்தில் எந்த வரிக்குக் காசு விழுகிறது, எந்த வரியில் குடிகாரன்கூடப் பேச்சை நிறுத்துகிறான் என்பதை அவன் படித்தது இங்கேதான். என்னைக் கேட்டால் அவர் படித்த இசைக்கல்லூரி இதுதான். பிற்காலத்தில் அவர் மெட்டுகளில் கொஞ்சமும் சதையில்லாமல் எலும்பும் நரம்புமாக இருப்பதற்குக் காரணம், எட்டு வரிக்குள் காசு விழாவிட்டால் அன்று சாப்பாடு இல்லை என்ற அந்தப் பழக்கம்.

பிறகு சைனா டவுனில், பெல் தெருவில் இருந்த பெல்ஹாம் கஃபேயில் பாடிக்கொண்டே பரிமாறுகிற சர்வர் வேலை. பிரபலமான பாட்டுகளுக்குத் தானாகவே கொச்சையான வரிகள் போட்டுப் பாடி வாடிக்கையாளர்களைச் சிரிக்கவைப்பார். பக்கத்து மதுக்கடைக்காரர்கள் சொந்தமாக ஒரு பாட்டு எழுதி அச்சிட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், கடை முதலாளி மைக் சால்டருக்குப் பொறாமை. நம் கடைக்கும் ஒன்று வேண்டும் என்றார். கடை பியானோக்காரர் நிக்கல்சன் மெட்டுப் போட்டார், வரிகளை இந்தச் சர்வர் எழுதினார். 1907-இல் வெளிவந்த 'மேரி ஃப்ரம் சன்னி இத்தாலி' அது. அட்டையில் 'ஐ. பெர்லின்' என்று அச்சாகி வந்தது. குடும்பப் பெயர் பெய்லின் அல்லது பேலைன், பெர்லின் அல்ல. அச்சில் வந்த பெயரையே வைத்துக்கொண்டார். அந்தப் பாட்டில் அவர் பங்குக்குக் கிடைத்தது 37 சென்ட்.

அந்தப் பாட்டு எப்படி என்று கேட்காதீர்கள். சுமார்.

அந்தக் கால நியூயார்க்கில் பாட்டு என்பது ஒரு சரக்கு. இசைத்தட்டு இன்னும் பெரிதாக வேரூன்றவில்லை, வானொலி இல்லை. வீட்டுக்கு வீடு பியானோ. ஆகவே அச்சிட்ட இசைத்தாள்தான் விற்பனை. மேற்கு 28-ஆம் தெருவில் பதிப்பாளர்களின் அலுவலகங்கள் வரிசையாக இருந்தன. திறந்த ஜன்னல்களிலிருந்து பத்துப் பியானோக்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கிற இரைச்சலால் அந்தத் தெருவுக்கு 'டின் பான் ஆலி', தகரத் தட்டுச் சந்து, என்று பெயர் வந்தது என்பார்கள். பெர்லின் அங்கே நுழைந்தது பாடலாசிரியராக மட்டும்தான்; இசையமைப்பாளராக அல்ல. ஒருநாள் டொராண்டோ என்ற இத்தாலிய மாரத்தான் ஓட்டக்காரரைப் பற்றி வேடிக்கை வரிகள் எழுதி, டெட் ஸ்னைடர் பதிப்பகத்தில் காட்டினார். 25 டாலர் தருகிறோம், மெட்டு இருக்கிறதல்லவா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் காசு போய்விடும். இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அங்கே இருந்த இசைக்காரர் முன்னால் நின்று அப்போதே ஒரு மெட்டை முணுமுணுத்தார். அவர் இசையமைப்பாளர் ஆன கதை இதுதான். பொய் சொல்லி, அந்தப் பொய்யை மெய்யாக்கியது.

1911-இல் 'அலெக்ஸாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்'. அந்த ஆண்டே பத்து லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது. அமெரிக்காவைத் தாண்டி ஐரோப்பாவிலும் ஆட்டம் போடவைத்தது. ராக்டைம் என்று பெயரில் இருக்கிறதே தவிர, கறுப்பின இசைக்கலைஞர்கள் வளர்த்த அந்த இசையின் உயிரான, வேண்டுமென்றே தாளத்தை இடறவைக்கும் போக்கு பாட்டில் மிகக் குறைவு. அது ராக்டைமைப் பற்றிய அணிவகுப்புப் பாட்டு, அவ்வளவுதான். ஆனால் "வாருங்கள், கேளுங்கள்" என்று கையைப் பிடித்து இழுக்கிற அந்த அழைப்பு இருக்கிறதே, அது பவரியில் கற்றது.

நீங்கள் கேட்ட வம்பு பிறந்ததும் இந்த வெற்றியில்தான். படிக்கத் தெரியாத யூதப் பையன் எப்படி இப்படி ஒன்றை எழுதுவான், எங்கோ ஒரு கறுப்பினச் சிறுவனை ஒளித்துவைத்து எழுதி வாங்குகிறான் என்று ஊர் பேசியது. ஒரு கல்லில் இரண்டு இனத்தாரை அவமதிக்கிற வதந்தி இது. அடுத்த ஐம்பது வருடமும், ஊரும் கூட்டாளிகளும் செயலாளர்களும் மாறிக்கொண்டே இருக்க, அவர் வெற்றிப் பாடல்கள் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதிக்கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கும் ஆயுள் கெட்டிதான் போலிருக்கிறது!

ஆனால் வம்பிலிருந்து தனியாகப் பிரித்துப் பார்க்கவேண்டிய புகார் ஒன்று உண்டு. ராக்டைமின் மாமேதை ஸ்காட் ஜாப்ளின், தன் 'ட்ரீமொனிஷா' இசை நாடகத்திலிருந்து பெர்லின் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டார் என்று தன்னைச் சேர்ந்தவர்களிடம் வருந்தியிருக்கிறார். அந்தக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். கறுப்பின இசையின் பெயரைச் சொல்லி விற்ற பாட்டால் பணக்காரரானவர் பெர்லின். அந்த இசையை உருவாக்கிய ஜாப்ளின் தன் இசை நாடகம் முறையாக மேடையேறாமலே 1917-இல் இறந்தார். அந்தக் காலத்துப் பெர்லினின் பாட்டுகளில் இத்தாலியர்களையும் யூதர்களையும் கறுப்பினத்தவரையும் கேலி செய்கிறவை நிறையவே உண்டு. வியாபாரம் அப்படித்தான் நடந்தது. இன்று கேட்டால் நெளியத்தான் தோன்றும்.

1912 பிப்ரவரியில் டாரதி கெட்ஸ் என்ற பெண்ணை மணந்தார். தேனிலவுக்குக் கியூபா போனார்கள். அங்கே பிடித்த டைஃபாய்டு காய்ச்சலில் ஜூலையில் டாரதி இறந்துபோனார். வயது இருபது. அதுவரை கேலிப்பாட்டும் ஆட்டப்பாட்டும் எழுதிக்கொண்டிருந்த பெர்லின், 'வென் ஐ லாஸ்ட் யூ' என்று ஒரு மெதுவான பாட்டு எழுதினார். தன் சொந்தத் துயரத்தைப் பாட்டாக்கியதாக அவர் ஒத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். அதுவும் பத்து லட்சத்துக்குமேல் விற்றது. அதை நினைத்து அவருக்கு மகிழ்ச்சியா வெட்கமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இனி வரப்போவதுதான் என் பதிலின் மையம். அவரைப் 'பிறவி மேதை' என்று புகழ்கிறவர்கள், வம்பு பேசுகிறவர்களைப் போலவே ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அந்த மனிதரிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. நிஜப் பெட்டியோ, பேச்சுவழக்கோ, இரண்டும்தான். விலைபோகாத பாட்டு, நாடகத்திலிருந்து நீக்கிய பாட்டு, பாதியில் நின்ற பாட்டு எல்லாம் அதற்குள் போகும். எதையும் தூக்கிப்போடமாட்டார். வருடங்கள் கழித்து எடுத்து, தூசு தட்டி, வரி மாற்றி, வேறு இடத்தில் பொருத்துவார். பழைய புடவையைக் கிழித்துப் பாவாடை தைக்கிற வீட்டில் வளர்ந்தவர் அல்லவா?

1918-இல் பட்டாளத்தில் சேர்த்தார்கள். வயது முப்பது. லாங் ஐலண்டில் யாப்பாங்க் என்ற ஊரருகே அப்டன் முகாம். இரவெல்லாம் விழித்து எழுதிவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்கு விடியற்காலை ஊதுகுழல் நரகம். அந்த எரிச்சலையே பாட்டாக்கினார். காலையில் எழுந்திருப்பதை எப்படி வெறுக்கிறேன் தெரியுமா என்ற அந்தப் பாட்டு பட்டாளம் முழுக்கப் பரவியது. பிறகு அதிகாரிகளிடம் போய், முகாமில் பார்வையாளர் விடுதி கட்ட 35,000 டாலர் வேண்டுமல்லவா, சிப்பாய்களை வைத்தே ஒரு மேடைக் காட்சி நடத்தித் தருகிறேன், ஆனால் நான் இரவில் வேலை செய்கிறவன், விடியற்காலையில் எழுப்பக் கூடாது என்றார். ஒத்துக்கொண்டார்கள்! 'யிப் யிப் யாப்பாங்க்' அப்படிப் பிறந்தது. அதன் முடிவுக்காக 'காட் பிளெஸ் அமெரிக்கா' என்று ஒரு பாட்டு எழுதினார். அந்தத் தலைப்புச் சொற்கள் அவருடைய அம்மா வீட்டில் அடிக்கடி சொன்னவை. ஆனால் அணிவகுத்துப் போருக்குப் புறப்படுகிற சிப்பாய்கள் வாயில் இது கொஞ்சம் அதிகப்படி என்று அவருக்குப் பட்டது. போதாக்குறைக்கு, குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த ஹாரி ரூபியும் இன்னொரு தேசபக்திப் பாட்டா என்று இழுத்தார். பெட்டிக்குள் போயிற்று.

இருபது வருடம் உள்ளேயே இருந்தது. 1938-இல் ஐரோப்பாவில் ஹிட்லர் காலம். பாடகி கேட் ஸ்மித், முதல் உலகப்போர் முடிந்த நாளையொட்டிய வானொலி நிகழ்ச்சிக்கு ஒரு பாட்டுக் கேட்டார். பெட்டியைத் திறந்தார். எடுத்ததை அப்படியே கொடுத்துவிடவில்லை என்பதுதான் நான் காட்ட விரும்புவது. 1918 வரியில், வலப்பக்கம் வழிநடத்து என்று கடவுளிடம் கேட்கிற ஒரு சொல் இருந்தது. 1938-இல் 'வலது' என்றால் அரசியல். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ஓசை கெடாமல் 'இரவு' என்று பொருள்படும் சொல்லை வைத்தார். வெற்றியைக் கேட்கிற பழைய போர்க்கால வரியும் போயிற்று. போர்ப்பாட்டு பிரார்த்தனையாயிற்று. தேசபக்தியில் காசு பார்த்தான் என்ற பேச்சு வரக் கூடாதென்று அதன் ராயல்டி முழுவதையும் நிதியமாக்கிச் சாரணச் சிறுவர் சிறுமியர் அமைப்புகளுக்கு எழுதிவைத்தார். அப்படியும் யூதன் எழுதிய பாட்டை நாடு பாடுவதா என்று கூச்சலிட்டவர்கள் இருந்தார்கள். வேறு திசையிலிருந்தும் ஒரு பதில் வந்தது. பஞ்சமும் வேலையின்மையும் கண்ட நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி, வானொலி முழுக்க ஒலிக்கும் இந்தப் பாட்டைக் கேட்டுச் சலித்து, 1940 பிப்ரவரியில் 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' எழுதினார். ஒரு டிரங்குப் பெட்டிப் பாட்டுக்கு இதைவிட மரியாதை வேண்டுமா?

'ஈஸ்டர் பரேட்' கதையும் இதே கதைதான். 1917-இல் வேறு வரிகளோடு வெளிவந்து படுத்துவிட்ட மெட்டு, 1933-இல் புது வரிகளோடு எழுந்து நின்றது. அது இடம்பெற்ற 'ஆஸ் தௌஸண்ட்ஸ் சியர்' ஒரு செய்தித்தாள் போல அமைந்த மேடைக் காட்சி. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தலைப்புச் செய்தி. சிரித்துக்கொண்டே பார்த்துவரும் கூட்டத்துக்கு நடுவில், கும்பல் ஒன்று கறுப்பின மனிதரைக் கொன்றதாக ஒரு தலைப்பு வரும். பாடகி எத்தல் வாட்டர்ஸ் தனியாக நின்று 'சப்பர் டைம்' பாடுவார். பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு எடுத்துவைக்கும் நேரம், அப்பா இனி வரமாட்டார் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது. அவ்வளவுதான் பாட்டு. கொலையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தட்டு வைக்கவேண்டும், மேசை போடவேண்டும் என்கிற வீட்டுவேலைதான். இளமையில் கேலிப்பாட்டு விற்ற அதே ஆள் எழுதியது. அவர் பாட்டுகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

வியாபாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1914-இல் பாட்டுக்காரர்களின் உரிமைத்தொகையை வசூலிக்கும் அஸ்காப் சங்கம் தொடங்கியபோது தொடக்க உறுப்பினர்களில் இவரும் உண்டு. 1919-இல் சொந்தப் பதிப்பகம். 1921-இல் தயாரிப்பாளர் சாம் ஹாரிஸோடு சேர்ந்து தன் பாட்டுகளுக்கென்றே மியூசிக் பாக்ஸ் என்று ஒரு அரங்கம் கட்டினார். நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் அது இன்றும் நாடகம் போடுகிறது.

1926 ஜனவரியில் எல்லின் மக்கேயை மணந்தார். அவர் பெரும் தந்தி நிறுவனத் தலைவரின் மகள், கத்தோலிக்கர். தந்தை கொதித்து மகளுக்குச் சொத்தில்லை என்றார். பத்திரிகைகளுக்கு மாதக்கணக்கில் தீனி. பெர்லின் கொடுத்த திருமணப் பரிசு 'ஆல்வேஸ்' பாட்டின் உரிமை. நகை உருகும், வீடு இடியும், ராயல்டி வந்துகொண்டே இருக்கும்! இந்தப் பாட்டு உருவானபோது நாடகாசிரியர் ஜார்ஜ் காஃப்மன் கேலி செய்தார்: உன்னை எப்போதும் நேசிப்பேன் என்பதெல்லாம் நடக்கிற காரியமா, 'உன்னை வியாழக்கிழமை நேசிப்பேன்' என்று வைத்துக்கொள்ளேன் என்றார். அந்தத் தம்பதி அறுபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

அதே 1926 டிசம்பரில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும், பின்னால் வேலைக்கு ஆகும். ரிச்சர்ட் ரோஜர்ஸ், லொரென்ஸ் ஹார்ட் இருவரும் பாட்டமைத்த 'பெட்ஸி' நாடகம். கதாநாயகி பெல் பேக்கருக்கு அதில் தனக்கென்று அடித்துத் தூக்குகிற பாட்டு இல்லையென்று குறை. ரகசியமாகப் பெர்லினிடம் கேட்க, அவர் 'ப்ளூ ஸ்கைஸ்' கொடுத்தார். முதல் நாள் கூட்டம் அதைத் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னது. ஒரு கட்டத்தில் பாடகிக்கு வரி மறந்துபோக, முன்வரிசையில் இருந்த பெர்லினே எழுந்து பாடினார். நாடகம் முழுக்கப் பாட்டு எழுதிய ரோஜர்ஸுக்கு எப்படி இருந்திருக்கும்?

இனி 'ஒயிட் கிறிஸ்மஸ்'. 1928 டிசம்பரில் பெர்லினுக்கு ஒரு மகன் பிறந்தான். மூன்று வாரக் குழந்தையாக, கிறிஸ்மஸ் தினத்தன்றே இறந்துபோனான். இதை அந்தப் பாட்டோடு முடிச்சுப் போடுகிறவர்கள் பலர். பெர்லின் அப்படிப் போட்டதில்லை. ஆனால் உலகம் முழுக்க ஒலிக்கும் கிறிஸ்மஸ் பாட்டுகளுக்கு நடுவில் இது மகிழ்ச்சியான பாட்டு அல்ல என்பதை மெட்டே சொல்லிவிடுகிறது. முன்பு எண்ணிக் காட்டினேனே, அந்தர காந்தாரத்துக்கு மேலே அரைப்படி, கீழே அரைப்படி, பிறகு அரை அரையாக ஏறிப் பஞ்சமம். துள்ளிக் குதித்து ஏறுகிற மெட்டு அல்ல, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மெட்டு. பாட்டுக்கு முன்னால் நம் நாடக மேடையில் தொகையறா பாடுவோமே, அதுபோல ஒரு முன்பகுதி முதலில் இருந்தது. வெயிலும் பனைமரமுமாக இருக்கும் லாஸ் ஏஞ்சலஸில், டிசம்பர் 24 அன்று, வடக்கே பனி விழும் ஊரை நினைத்து ஒருவன் ஏங்குவதாக. பிறகு அதைத் தானே எடுத்துவிட்டார். காரணம் சொல்லாத ஏக்கம்தான் மிஞ்சியது.

பாடகர் பிங் கிராஸ்பி 1942 மே 29 அன்று இசைத்தட்டுக்காகப் பாடினார். வேலை பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த ஆண்டுதான் அமெரிக்கச் சிப்பாய்கள் கடல்தாண்டிப் போய், பனியே பார்க்க முடியாத தீவுகளிலும் பாலைவனங்களிலும் முதல் கிறிஸ்மஸைக் கழித்தார்கள். படை வானொலிக்கு இந்தப் பாட்டைக் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. பாட்டில் போர் இல்லை, ஆனால் போர்க்காலத்தின் பாட்டு அதுவாகிவிட்டது. கிராஸ்பியின் இசைத்தட்டு 5 கோடிக்குமேல் விற்றதாகக் கின்னஸ் கணக்கு. 1943 ஆஸ்கர் விழாவில் சிறந்த பாடலுக்கான உறையைப் பிரிக்க மேடையில் நின்றவர் பெர்லின். பிரித்தால் அவர் பெயர்! தனக்குத் தானே பரிசு கொடுத்துக்கொண்டார். பிறகு 1975 ஏப்ரலில், வியட்நாமின் சைகோனிலிருந்து அமெரிக்கர்கள் கடைசியாக வெளியேறவேண்டிய ரகசிய அறிகுறியாக, கொளுத்தும் வெயிலில் வானொலியில் ஒலித்ததும் இதே பாட்டுதான்.

இரண்டாம் உலகப்போரில் மறுபடி சிப்பாய்களை வைத்து 'திஸ் இஸ் தி ஆர்மி' நடத்தி உலகம் சுற்றினார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனிப் படைப்பிரிவுகளாக வைக்கப்பட்டிருந்த காலத்தில் அந்தக் குழுவில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். பழைய சீருடையை மாட்டிக்கொண்டு, காலையில் எழுந்திருப்பதை வெறுக்கும் அந்தப் பாட்டை அவரே மேடையில் மெல்லிய குரலில் பாடுவார்.

1945 நவம்பரில் இசையமைப்பாளர் ஜெரோம் கெர்ன் இறந்தார். "அமெரிக்க இசையில் பெர்லினுக்கு இடம் கிடையாது, அவர்தான் அமெரிக்க இசை" என்று முன்பு சொன்ன அதே கெர்ன். அவர் இசையமைக்கவிருந்த 'ஆனி கெட் யுவர் கன்' நாடகம் நடுவில் நின்றது. தயாரிப்பாளர்கள் யார் தெரியுமா? அதே ரிச்சர்ட் ரோஜர்ஸும், ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும். பெர்லினைக் கூப்பிட்டார்கள். அவருக்குத் தயக்கம். கதையோடு ஒட்டிப் பாட்டெழுதும் புது பாணி வேறு, நாட்டுப்புறப் பேச்சு வேறு. ஹாமர்ஸ்டைன் சொன்ன வழி எளியது: சொற்களின் கடைசி எழுத்தை விழுங்கிவிடு, நாட்டுப்புறம் வந்துவிடும். நாடகப் பிரதியை எடுத்துக்கொண்டு அட்லாண்டிக் சிட்டிக்குப் போனவர், சில நாட்களில் கைநிறையப் பாட்டோடு திரும்பினார். ஐம்பத்தேழு வயதில்!

அதில் 'தேர்ஸ் நோ பிசினஸ் லைக் ஷோ பிசினஸ்' பாட்டை வாசித்துக் காட்டியபோது ரோஜர்ஸ் முகத்தில் அவர் எதிர்பார்த்த மலர்ச்சி இல்லை. சரி, இது தேறாது என்று எடுத்துவிட்டார். அடுத்த முறை பாட்டு எங்கே என்று எல்லோரும் பதற, தேடிப்பார்த்தால் அலுவலகத்தில் தொலைபேசிப் புத்தகத்துக்கு அடியில் கிடந்தது என்பது கதை. இருபது வருடத்துக்கு முன் ரோஜர்ஸ் நாடகத்தில் பின்வாசல் வழியாக நுழைந்தவருக்கு, ரோஜர்ஸ் முகம் சுருங்கினால் அப்படித்தானே தோன்றும்? ஒத்திகைக் காலத்தில் இயக்குநர் ஜோஷுவா லோகன், நாயகனும் நாயகியும் போட்டிபோடுகிற பாட்டு ஒன்று வேண்டும் என்றார். பெர்லின் டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போனார். கால்மணி நேரத்தில் லோகனுக்குத் தொலைபேசி வந்தது. நீ செய்கிற எதையும் நான் உன்னைவிட நன்றாகச் செய்வேன் என்ற அந்தப் பாட்டின் பல்லவி டாக்ஸியிலேயே முடிந்துவிட்டிருந்தது. நாடகம் 1,147 முறை நடந்தது. ஒரே நாடகத்தில் இத்தனை பாட்டுகள் நிலைத்தது பிராட்வேயில் அபூர்வம்.

அதற்குப் பிறகு ஏற்ற இறக்கம். 1962-இல் 'மிஸ்டர் பிரசிடென்ட்' தோற்றது. ராக் இசை வந்துவிட்டது. கடையைச் சாத்திக்கொண்டார். பீக்மன் பிளேஸ் வீட்டில் இருந்துகொண்டு ஓவியம் வரைந்தார், தொலைபேசியில் பேசினார், ஆட்களைச் சந்திக்கமாட்டார். ஆனால் பாட்டுகளின்மேல் கண் மட்டும் அகலவில்லை. 'மேட்' நகைச்சுவைப் பத்திரிகை பிரபல மெட்டுகளுக்குக் கேலி வரிகள் எழுதி வெளியிட்டதும், இவரும் மற்றப் பதிப்பாளர்களும் வழக்குப் போட்டார்கள். 1964-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்திரிகை பக்கம் நின்றது. பெர்லின் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஒரு யாப்பு வடிவத்துக்கே உரிமை கொண்டாட முடியாது என்று நீதிபதி குத்தலாக எழுதினார். நமக்குப் புரியும்படி சொன்னால், வெண்பாவுக்குப் பட்டா கேட்காதே என்பது. பெல்ஹாம் கஃபேயில் அடுத்தவர் பாட்டுக்குக் கொச்சை வரி போட்டுப் பிழைத்த அந்தச் சர்வருக்கு இது நினைவிருந்ததா, தெரியவில்லை.

மொத்தம் ஏறக்குறைய 1,500 பாடல்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பெரும்பாலானவற்றில் வரியும் மெட்டும் இரண்டும் அவருடையவை. 1989 செப்டம்பர் 22 அன்று தூக்கத்திலேயே இறந்தார். வயது 101. 'அலெக்ஸாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' பாட்டின் 75 வருடப் பதிப்புரிமை முடிந்து அது பொதுச்சொத்தானதை உயிரோடு இருந்து பார்த்தவர்.

கடைசி வருடங்களில் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 'ஆல்வேஸ்' பாட்டைத் தன் படத்தில் பயன்படுத்த அனுமதி கேட்டார். பெர்லினுக்கு அப்போது வயது தொண்ணூற்று நான்கு. முடியாது, அந்தப் பாட்டுக்கு நானே ஒரு திட்டம் வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஸ்பீல்பெர்க் படத்துக்கு அந்தத் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டார். அதில் ஒலிக்கும் காதல் பாட்டு ஜெரோம் கெர்னுடையது.